தெருவைப் பார்த்த டிவி

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவின் அக்கா குவைத்திலிருந்து திரும்பியபோது ஒரு கலர் டிவி கொண்டுவந்தாள். அங்கே அவளுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் அம்மா, "கம்பெனி வேலை" என்பாள். ஆரணியில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் டிவி. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் நடையே மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்கு யார் எங்கே உட்காருவது என்பதை அம்மாதான் முடிவு செய்தாள். பட்டுக்கடைக்காரர்களுக்கு நாற்காலி. சொந்தத் தறி வைத்திருந்தவர்களுக்குப் பாய். எங்கள் தறியில் கூலிக்கு நெய்தவரின் குடும்பத்துக்கு ஜன்னல். அவருடைய மகள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்றாள். என் வகுப்புதான். ஜன்னலிலிருந்து இன்னும் நன்றாகத் தெரியும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே அத்தை எழுந்து போய் டிவியை நிறுத்திவிட்டாள்.

"ஏன் அண்ணி நிறுத்திட்டீங்க?" என்றாள் அம்மா.

"அந்தப் பசங்க நின்னுகினே பாக்குதுங்க. உள்ள கூப்பிடு."

"எடம் ஏதுங்க? இவங்கள விட்டா நாளைக்கு தெருவே வந்து நிக்கும்."

"தெருவே பாக்கட்டுமே."

அத்தையும் அப்பாவும் டிவியை மேசையோடு தூக்கி, வாசற்படியில் தெருவைப் பார்க்க வைத்தார்கள். தெருவில் பாய்கள் விரிந்தன. நாற்காலிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். அம்மா மட்டும் அசையவில்லை. டிவியின் முதுகைப் பார்த்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் காமெடி வந்து தெருவே சிரிக்கும்போது எவ்வளவு நேரம்தான் ரோஷத்தோடு இருப்பது? மெல்ல வெளியே வந்தாள். கூலிக்கு நெய்தவரின் மனைவி நகர்ந்து இடம் கொடுத்தாள். அம்மா உட்கார்ந்து, "இப்ப என்னா சொன்னான்?" என்று அவளிடமே கேட்டாள்.

அடுத்த ஞாயிறு பாய்களைத் தெருவுக்கு எடுத்துப் போனது அம்மாதான்.

அன்றைக்கும் அத்தை படம் பார்க்கவில்லை. கதவோரம் நின்று, பார்க்கிறவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குவைத்ல டிவில என்னா படம் காட்டுவாங்க அத்தை?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நான் வேலை செஞ்ச வீட்டுல எனக்கு சத்தம் மட்டும்தான். சமையல்கட்டுல நின்னுகினு கேப்பேன்."

அவ்வளவு பணக்கார ஊரில் போய்ப் படமே தெரியாத டிவியை வைத்திருக்கிறார்களே என்று, அந்த ஊர்க்காரர்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.