கருப்பட்டி கொடுத்துத் திரும்ப வாங்கிய காகிதம்

சீரகத்தை டப்பாவில் கொட்டிவிட்டு, பொட்டலக் காகிதத்தை அடுப்பில் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அதில் வட்டமாக, ஊதா நிறத்தில் மாநகராட்சியின் முத்திரை இருந்தது. மேலே ஒருவர் பெயர், அப்பா பெயர், ஆரியசாலையில் அவர் குடியிருக்கும் சந்து, வீட்டு எண். கீழே அவருக்கு என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரியில் மருந்து என்ற விவரம். கடைசியில் சுகாதார ஆய்வாளர் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: மனைவிக்குத் தெரியாது. எல்லாம் மலையாளத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட வாசிக்கும் அளவுக்குத் தெளிவான எழுத்தில். அந்த மனிதரை எனக்குத் தெரியும். பால் வாங்கப் போகும்போது தினமும் எதிரே வருவார்.

போய்க் கதவைச் சாத்தினேன். அவருக்காக அல்ல, எனக்காக. அதே அலுவலகத்தில் என் பெயரிலும் ஒரு விண்ணப்பம் இருந்தது.

கல்யாணமான புதிதில் எனக்குக் காசநோய் வந்தது. வீட்டுக்காரர் அப்போது சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மருந்து இலவசம், ஆனால் பாலும் முட்டையும் யார் கொடுப்பார்கள்? நோயாளிகளுக்குச் சத்துணவு உதவி உண்டு என்று கேள்விப்பட்டு மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் எழுதிக் கொடுத்தோம். தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. நாகர்கோவிலுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், குணமான பிறகுதான் திரும்பினேன். சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டையும் அதே அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். விண்ணப்பத்தின் பின்னால் வைத்துக் குத்திக்கொண்டார்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அரசாங்க ஆபீஸில் இருப்பதைவிட வீட்டில் என்ன பத்திரம் என்று நினைத்தோம்.

அந்தத் தெருவில் எனக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. கைச்சுற்று முறுக்கு. இந்த மலையாள ஊரில் எங்கள் தமிழ் ஆட்களுக்குள் கல்யாணம் என்றால் சீருக்கு முறுக்கு வேண்டும். கடையில் வாங்கினால் கௌரவக் குறைவு. தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து வேட்டியை விரித்துச் சுற்றுவார்கள். பெரிய சுற்று முறுக்கு எல்லோருக்கும் வராது, எனக்கு வரும். முகூர்த்தம் குறித்த கையோடு என்னிடம்தான் வந்து நாள் கேட்பார்கள். தாய்வழிச் சொந்தம் என்று யாரும் இல்லாத ஊரில் என்னை நாலு வீட்டுக்குள் உரிமையோடு அழைத்துப்போனவை என் விரல்கள்தான். அது போய்விடுமோ என்பதுதான் என் பயம். வேறு எதைப் பற்றியும் அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

வீட்டுக்காரர் அப்போது சொந்தமாக ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்திருந்தார். சீரகம் அங்கிருந்து வந்ததுதான். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. மாநகராட்சி அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறதாம். அதை வைக்க இடம் வேண்டும் என்று பழைய கோப்புகளைச் சாக்குச் சாக்காக அள்ளி ஒரு பழைய பேப்பர் வியாபாரிக்குப் போட்டுவிட்டார்கள். அவன் கிலோக் கணக்கில் சாலைக் கடைத்தெரு முழுக்க விற்றிருக்கிறான். கெட்டிக் காகிதம், பொட்டலத்துக்கு நன்றாக நிற்கும் என்று வீட்டுக்காரரும் எங்கள் கடைக்கு வாங்கியிருந்தார்.

இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா சீரகக் காகிதத்தை வாங்கி, திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

“சேச்சி, இது பழைய கடலாசல்லே? ஆரு வாயிக்கான்?” என்றார். பழைய காகிதத்தை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்கிறார். கேட்டுக்கொண்டே அவர் அதை முழுக்க வாசித்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. பிறகு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார்.

நான் பிடுங்கிக்கொண்டேன். என்னுடையதும் வெளியே போயிருக்கிறதா என்று கேட்டதற்கு, பராதி எழுதித் தரச் சொன்னார். புகார் மனுவில் பெயர், விலாசம், என்ன நோய் என்று எல்லாம் விவரமாக எழுத வேண்டுமாம். அதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் அறையின் மூலையைக் காட்டினார். அங்கே அடுத்த சாக்கு பாதி நிரம்பி நின்றது.

எழுதித் தராமல் வந்துவிட்டோம். வழியெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடன் எடுத்துப் போயிருந்தால்கூட ஒளித்து வைத்திருப்பான். இவர்கள் ஊருக்கே மடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அவருடைய நல்லதனம்தான் எங்களைக் கவிழ்த்தது. என் பெயரைச் சொல்லாமல் கடைக்காரர்கள் சங்கத்தில் விஷயத்தைப் போட்டார். அவர்களும் பாவம் என்று கொதித்துப்போய் உடனே ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் சந்தோஷமாகச் சொன்னார்.

“எல்லாக் கடையிலயும் போர்டு வைக்கப் போறோம். கார்ப்பரேஷன் முத்திரை உள்ள காகிதத்தத் திருப்பிக் கொண்டு வந்தா ஒரு துண்டு கருப்பட்டி.”

“கருப்பட்டி என்னத்துக்கு?”

“சும்மா கேட்டா எவன் கொண்டு வருவான்? யாவாரம்னா ஒண்ணு குடுத்துத்தான் ஒண்ணு வாங்கணும்.”

“ஐயோ, அதுவரைக்கும் பாக்காதவனும் இனிப் பிரிச்சுப் பாப்பானே!” என்றேன். அவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. ஆனால் அதற்குள் போர்டு எழுதக் கொடுத்தாகிவிட்டது.

வியாபாரிகளுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. அதுவரை மிளகாயும் புளியும் சுற்றி வந்து குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த காகிதங்களை இப்போது சாலைக் கடைத்தெருவே தேடியெடுத்தது. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கப் பிரித்தார்கள். பிரித்த கையோடு வாசித்தார்கள். வாசித்ததை வழியில் பார்த்தவரிடம் சொன்னார்கள். கடை வாசலில் வரிசையில் நின்றுகொண்டு, “ஒங்களுக்கு யாரு கிடைச்சா?” என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். யார் கிடைத்தார்களாம்! மனிதர்களை அப்படித்தான் கேட்டார்கள். பால் வாங்கும் நேரத்தில் எதிரே வரும் மனிதர் வேறு வழியாகப் போக ஆரம்பித்தார். அவருடைய காகிதத்தை நான் அன்றே எரித்துவிட்டேன், ஆனால் அவருக்கு ஒரு காகிதம் மட்டும் இருந்திருக்காது.

என்னுடையது எதிர்வீட்டு மைனி கைக்கு வந்தது. உறவில்லை, ஒருவரையொருவர் மைனி, அதாவது மதினி, என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பெருங்காயம் வாங்கிய பொட்டலம். அவள் எங்கள் கடைக்குக் கொண்டு வரவில்லை, வேறு கடையில் கொடுத்துக் கருப்பட்டி வாங்கினாள். அந்தக் கடைக்காரர் மடித்து, கவருக்குள் போட்டு, யார் கொண்டு வந்தது என்பதையும் சொல்லி, வீட்டுக்காரரிடம் ரகசியமாகச் சேர்த்தார். முதல் பக்கம் மட்டும்தான் இருந்தது. என் பெயர், என் நோய், சளியில் கிருமி உண்டு என்ற வரி, எல்லாம் அதில் இருந்தன. குணமாகிவிட்டது என்ற இரண்டாம் பக்கம் வரவே இல்லை.

அதற்காக இன்னொரு முறை அலுவலகத்துக்குப் போனேன். சர்டிபிகேட்டுக்கு ஒரு நகலாவது கொடுங்கள் என்றேன். பழைய பதிவுகள் எதுவும் இப்போது இங்கே இல்லை என்று அதே குமாஸ்தா சொன்னார். புதுக் கம்ப்யூட்டர் துணி போர்த்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நான் என்ன செய்ய, காறித் துப்பலாம் போல வந்தது. துப்பினால் அதையும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள் என்று விழுங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த மாதம் எதிர்வீட்டு மைனி மகளுக்குக் கல்யாணம். முறுக்குக்கு என்னிடம் நாள் கேட்க வரவில்லை. மாவு இடிக்கிற சத்தம் கேட்டு நானாகத்தான் போனேன். கூடத்தில் வேட்டி விரித்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எதிர்வீட்டு மைனி எழுந்து வந்தாள்.

“வாங்க மைனி, இரிங்க,” என்று நாற்காலியைக் காட்டினாள். “நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். எத்தற வருசமாட்டு சுத்துதிய, இன்னைக்கு ஒரு நாளு இருந்து பாத்தாப் போதும்.”

எல்லோருக்கும் வெண்கல டம்ளரில் காப்பி வந்தது. எனக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில் வந்தது. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து மாவை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. ஒரு பெரிய முறுக்கை நிதானமாகச் சுற்றி முடித்து வேட்டியில் இறக்கினேன். அதற்குள் மாவுச் சட்டி எனக்கு எட்டாத பக்கம் நகர்ந்திருந்தது.

பொரிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து எண்ணெயில் விட்டார்கள். என்னுடையதைச் சுற்றியிருந்தவை எல்லாம் போயின. கொதிக்கிற எண்ணெயில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று படித்த அந்தப் பெண்களில் ஒருத்திகூட நினைக்கவில்லை. கடைசியில் வேட்டியில் என் முறுக்கு ஒன்று மட்டும் கிடந்தது.

“அதையும் போடுங்க மைனி,” என்றேன்.

மைனி அடுப்பை அணைத்தாள்.

“எண்ண தீந்துபோச்சு மைனி,” என்றாள். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது. அவள் அதை மூடி போட்டு மூடினாள்.