ஏணிக்குத் தெரிந்த பாஷை

ஏணி என்பது அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. தெரு கூடி வைத்தது. எட்டாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே கதவு நிலைகள் எல்லாம் அவன் நெற்றியோடு சண்டைக்கு வர ஆரம்பித்துவிட்டன. பல்பு மாற்ற, பரணில் இருந்து பெட்டி இறக்க, யார் வீட்டில் என்ன வேலை என்றாலும், “அந்த ஏணியைக் கூப்பிடு” என்பார்கள். அவனும் போவான். கோபம் வராது. கோபப்படுவதென்றால் குனிந்துதான் கோபப்பட வேண்டும், அது பார்க்கவும் நன்றாக இருக்காது.

அப்படித்தான் ஒருநாள் பள்ளி மைதானத்தில், வளையத்துக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பந்தை எடுத்துக் கொடுத்தான். விளையாட்டு வாத்தியார் பார்த்துவிட்டார்.

“எம்பாமலா எடுத்த?”

“ஆமா சார்.”

“நாளைக்குக் காலையில வா. நல்லா சாப்பிட்டுட்டு வா.”

மறுநாள் போனவன்தான். பள்ளி அணி, கல்லூரி அணி, அப்புறம் வெளிநாட்டுக் கிளப்புகள் என்று போய்க்கொண்டே இருந்தான். ஒரு வருஷம் பனி கொட்டும் ஊர், அடுத்த வருஷம் வெயிலில் தார் உருகும் ஊர். கூடைப்பந்தில் அவனுக்கு சென்டர் வேலை. வளையத்துக்கு அடியில் நிற்க வேண்டும், இடிபட வேண்டும், எம்ப வேண்டும், எடுத்த பந்தை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். அந்த யாரோ புள்ளி எடுப்பான், அவன் போட்டோ பேப்பரில் வரும். ஏணியும் அதே போட்டோவில் இருப்பான், முழங்கை மட்டும்.

அதில் அவனுக்கு வருத்தமே கிடையாது. “உயரமா இருக்கிறதுக்குச் சம்பளம் தர்றாங்கடா. குட்டையா இருக்கிற எவனுக்காவது தர்றாங்களா?” என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்வான். எந்த நாட்டுக்குப் போனாலும் கட்டில் மட்டும் போதாது. காலுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே தூங்குவான்.

மொழிதான் தகராறு. அந்தந்த ஊர் மொழியில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டத்துக்குள் கத்துகிற வார்த்தைகள்தான். இடது, வலது, மேலே, பிடி, பொறு, இப்போ. கடைக்குப் போய் இதை வைத்துக்கொண்டு தக்காளி வாங்க முடியுமா? விரலால் காட்டித்தான் வாங்குவான். இப்போதைய கிளப்பின் பயிற்சியாளர் பெரிய தொண்டை உள்ள மனுஷன். ஏணி எப்போதும் வலது பக்கமே திரும்புவான் என்று “இடது!” என்று கத்துவார். எதிராளி எம்புவது போலப் போக்குக் காட்டினாலே ஏணி எம்பிவிடுவான் என்று “பொறு!” என்று கத்துவார். பொறு என்ற வார்த்தையை அவன் தன் பெயரைவிட அதிகமாகக் கேட்டிருப்பான்.

கல்யாணம் ஆனது. மனைவி அவன் விலா உயரம். ஊரில் அவளை ‘அரை டிக்கெட்’ என்றார்கள். அவள் சளைக்கவில்லை. “நான் அரை, அவரு ஒன்றரை. ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட்தானே, உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டுவிட்டு, அவனோடு வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் முழுகாமல் இருந்தபோதுதான் ஏணிக்குத் தன் உயரத்தின் மேலேயே முதல் தடவையாகப் பயம் வந்தது. பிள்ளை பெரிசு என்று டாக்டர் படத்தைக் காட்டினார். இத்தனூண்டு பொண்ணு, தன் பிள்ளையைத் தாங்குவாளா? பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் தோளைக் குறுக்கி உட்கார்ந்தான், அதனால் பிள்ளை சுருங்கிவிடும் என்பது போல.

சொன்ன தேதிக்கு முன்னாடியே வலி வந்துவிட்டது. ஏணி லீவு சொல்லிவிட்டு அவளோடு இருந்தான், அணி மட்டும் வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. ஏணிக்காக மொழிபெயர்க்கும் அக்காவும் அதே பஸ்ஸில். போன் போட்டால், “கவலைப்படாத, நான் சொல்ற மாதிரி…” என்று ஆரம்பித்தார். பஸ் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது, அக்கா குரல் காணாமல் போனது.

பிரசவ அறையில் மூத்த நர்ஸும் ஒரு இளம் நர்ஸும் இருந்தார்கள். இவர்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது இவர்களுக்குப் புரியாது. ஏணி சுவரோரமாக, சுவரில் பாதி மாதிரி நின்றான்.

“ஏங்க, அவங்க என்னதான் சொல்றாங்க?”

“நல்லாப் போகுதாம்.”

“உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“இல்ல. மூஞ்சியைப் பார்த்துச் சொல்றேன்.”

வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சாயங்கால வெயில் ஜன்னலில் இருக்கும்போது தலை வெளியே வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. தோள் மாட்டிக்கொண்டது. ஏணியின் தோள்தானே, வேறு யாருடையது? மூத்த நர்ஸின் முகத்தில் இருந்த இளக்கம் போய்விட்டது. சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார். டாக்டர் வரும் வரை காத்திருக்க நேரமில்லை. இளம் நர்ஸ் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு காலுக்கு ஆள் இல்லை. மூத்த நர்ஸ் திரும்பி ஏணியைப் பார்த்தார்.

“இடது,” என்றார்.

ஏணி இடது பக்கம் வந்துவிட்டான். வந்த பிறகுதான் தனக்குப் புரிந்ததே அவனுக்கு உறைத்தது.

“பிடி. மேலே. மேலே.”

முழங்காலைப் பிடித்து வயிற்றை நோக்கி மடக்கினான். அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

“பொறு.”

“தள்ளாதம்மா, பொறு. மூச்சு மட்டும் விடு,” என்று ஏணி அவளிடம் சொன்னான்.

“முடியலைங்க.”

“முடியும். நான் பிடிச்சிருக்கேன் பாரு.”

அவனுக்குள் எல்லாமே எம்பிக்கொண்டிருந்தது. இழுடா, ஏதாவது செய்டா என்று கை துடித்தது. ஆனாலும் அசையவில்லை. நர்ஸ் அவள் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தி, உள்ளே எதையோ தேடி, திருப்பினார்.

“பொறு… பொறு…”

ஏணி பொறுத்தான்.

“இப்போ!”

“இப்போ தள்ளும்மா!”

வழுக்கிக்கொண்டு வந்தது. நீலமாக, நீளமாக, சத்தமில்லாமல். நர்ஸ் துணியால் முதுகைத் தேய்த்தார். இன்னும் தேய்த்தார். அப்புறம் அது அழுதது பாருங்கள், வாசல் வரைக்கும் ஓடி வந்திருந்த டாக்டர் அங்கேயே நின்றுவிட்டார்.

பெண் பிள்ளை. தாய்க்கும் ஒன்றுமில்லை. ஏணிக்கு அந்த நர்ஸின் காலில் விழ வேண்டும் போல இருந்தது, ஆனால் அவன் விழ அந்த அறையில் இடம் போதாது. கடைசியில் ஆட்டக்காரர்கள் பந்தைப் பதமாகக் கைமாற்றியவனிடம் சொல்வதையே அவரிடம் சொன்னான்.

“நல்ல பாஸ்.”

நர்ஸ் அவனை அண்ணாந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எட்டி, எட்டாமல், அவன் முழங்கையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

“பாஷை தெரியாதுன்னீங்க?” என்றாள் மனைவி, பிள்ளையை மார்பில் வைத்துக்கொண்டு.

“தெரியாதுதான். அதெல்லாம் கோச் என்னைத் திட்டுறது.”

“அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்,” என்றவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பயிற்சிக்குப் போனான். எதிராளி போக்குக் காட்டினான். பயிற்சியாளர் வழக்கம்போல, “பொறு!” என்றார். ஏணிக்கு அந்த அறை, அந்தக் கை, அந்த அழுகை எல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிட்டது. கண் கலங்கி நின்றான். பந்து வந்து மூக்கில் மோதியது.

பயிற்சியாளர் பதறி ஓடிவந்தார். ஏணி மூக்கைப் பிடித்துக்கொண்டே நடந்ததைச் சொல்ல, அக்கா ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். அவர் தலையைச் சொறிந்தார். ஷூவைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார்.

“அங்க சொன்ன உடனே கேட்டியாமே, இங்க ஏன்டா கேக்க மாட்டேங்கிறன்னு கேக்குறார்,” என்றார் அக்கா.

ஆட்டம் திரும்பத் தொடங்கியது. ஆனால் அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. கோயிலில் பேசுகிற மாதிரி, “பொறு… பொறு…” என்றார். ஏணிக்குத் தாங்கவில்லை. ஓடிக்கொண்டே அக்காவிடம் கெஞ்சினான்.

“அக்கா, அவரை எப்பவும் போல கத்தச் சொல்லுங்க. எனக்கு அதுதான் வேணும்.”

அக்கா சொன்னார். பயிற்சியாளர் மூச்சை இழுத்துக்கொண்டு, கூரை அதிரக் கத்தினார்.

ஏணி அதற்குள் எம்பிவிட்டிருந்தான்.