பிலோமினம்மாளும் மட்டைக் குவியல் சாரையும்

பிலோமினம்மாளை அவ்வளவு லேசில் அசைக்க முடியாது. பாசிர் ரிஸ் தென்னந்தோப்பில் காவல் இருந்த அவள் புருஷன் சூசைநாதன், ஐம்பத்தேழாம் வருஷம் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தபோது சொந்தபந்தமெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடியது. "டவுனுக்கு, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வந்துடு. ஏதாவது வீட்டு வேலை கிடைக்கும். பொம்பளை தனியா தோப்புல என்ன பண்ணப் போறே?" அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, புருஷன் பார்த்த காவலைத் தானே பார்த்தாள். காவல் வேலை இருந்தால்தான் குடிசை. வேலை போனால் கூரையும் போகும். அதற்கப்புறம் அடுத்தவர் அடுப்படியில் ஒண்ட வேண்டியதுதான். அந்தப் பிழைப்புக்கு அவள் தயாராக இல்லை.

தோப்பு முதலாளி டவுனில் இருந்தார். அவருக்குக் கண்ணும் காதும் கங்காணி தங்கராஜுதான். "அடுத்த மாசம் வந்து பார்ப்பேன். சரிப்படலைன்னா வேற ஆள் போட்டுடுவேன்" என்று கங்காணி சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பொம்பளை காவல் இருக்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை.

குடிசைக்குப் பின்னால் தேங்காய் உரித்த மட்டை ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அதற்குள் ஒரு கறுப்புப் பாம்பு குடியிருந்தது. பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், கடை வைத்திருந்த மைமூன் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். பாம்பைப் பார்த்த அன்றைக்கே, "அடிச்சுப் போடுலா, அது பொல்லாதது" என்றாள். பிலோமினம்மாள் சிரித்தாள். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரிக்கு மைமூனா பாம்புப் பாடம் நடத்துவது? ஊரில் நல்ல பாம்பென்றால் படத்தின் பின்பக்கம் மூக்குக்கண்ணாடி மாதிரிக் குறி இருக்கும், பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இது ஒருநாள் பூனையைப் பார்த்துக் கழுத்தை விரித்தபோது அவள் நன்றாகவே பார்த்தாள். ஒரு குறியும் இல்லை. சாரையும் கோபம் வந்தால் கழுத்தை உப்பும்தானே? எலி தின்னும் ஜீவன், எலிதானே குரும்பையைக் கடித்துத் தள்ளுகிறது? "இருந்துட்டுப் போகட்டும், சம்பளம் கேக்காத ஆளு" என்று விட்டுவிட்டாள். கங்காணியிடமும் அது சாரை என்றுதான் சொல்லி வைத்தாள்.

கங்காணி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், அடுப்புக்கு மட்டை பொறுக்கக் குனிந்தாள். கறுப்புத் தலை ஒன்று எதிரே எழுந்து நின்றது. "சீ, போ அப்பால" என்று கோழியை விரட்டுகிற மாதிரி அதட்டினாள். அது கடிக்க வரவில்லை, நின்ற இடத்திலிருந்தே விஷத்தைத் துப்பியது. இரண்டு கண்ணிலும் மிளகாயை அரைத்து அப்பியது போல எரிந்தது. பாம்பு துப்பும் என்று அவள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது, பாவம்.

அலறல் கேட்டு ஓடி வந்த மைமூன் அவளைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய், வாளி வாளியாக இறைத்துக் கண்ணில் ஊற்றினாள். "இங்கத்து நல்ல பாம்புக்குக் குறி இருக்காது, துப்பும்லா. ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா."

"போனா நாளைக்குக் கங்காணி வர்றப்ப நான் இங்க இருக்க மாட்டேன். குடிசை போயிடும். நீ தண்ணிய ஊத்து."

விடிந்தபோது இமை இரண்டும் வீங்கிப்போய், வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும்தான் புரிந்தது. பயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கங்காணிக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். எந்த மரம் காய்த்திருக்கிறது, பிரிந்திருந்த வேலியை எங்கே கட்டினாள், எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள். புருஷனோடு வருஷக்கணக்காக நடந்த தோப்பு அது. பின்னால் வந்த கங்காணிக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் குடிசைக்குப் பின்புறம் வந்தார்கள். "மட்டை காஞ்சிருக்கா? நாளைக்கு ஏத்திட்டுப் போக லோரி வருது" என்று கங்காணி குனிந்து மட்டையைப் புரட்டும் சத்தம் கேட்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் பஸ் ஏறியிருப்பார். குடிசை அவளுக்கு நிலைத்திருக்கும். ஆனால் அந்த எரிச்சல் என்னவென்று அவள் கண்ணுக்கல்லவா தெரியும்?

"கையை எடுங்கய்யா. உள்ள பாம்பு இருக்கு."

"சாரைதானேம்மா? நீதானே சொன்னே?"

"தப்பா சொல்லிட்டேன்." முக்காட்டை விலக்கி முகத்தை நிமிர்த்தினாள். "அது செஞ்ச வேலையைப் பாருங்க."

கங்காணி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. "அடக் கடவுளே. கண்ணு தெரியாமயா என்னைக் கூட்டிட்டு அலைஞ்சே?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்படி இருந்தா எப்படிம்மா காவல் பார்ப்பே? நான் முதலாளிகிட்ட என்னன்னு சொல்றது?"

"தோப்பு முழுக்க வந்தோமே, வழியில எத்தனை தடவை வேர்ல தடுக்குனீங்க? நான் எங்கயாவது தடுக்குனேனா? அதைச் சொல்லுங்க முதலாளிகிட்ட."

அவர் தன் குடையின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, "நட, டாக்டர்கிட்ட போவோம்" என்றார்.

பிலோமினம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். "திரும்பி வர்றப்ப குடிசை எனக்குத்தானே?"

"முதல்ல கண்ணைப் பார்ப்போம்மா."

"முதல்ல குடிசையைச் சொல்லுங்க."

"உனக்குத்தான். உனக்கேதான். வா" என்றார் கங்காணி.

அதற்கப்புறம்தான் அவள் காலை எடுத்து வைத்தாள்.