அக்காவின் கீஷும் அம்மாவின் நேர்த்தியும்

பிரான்சிலிருந்து வந்த நான்காம் நாள் அக்கா, "இண்டைக்கு நான் சமைக்கிறன், நீ பேசாமல் இரு" என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளுடைய சமையலுக்குப் பயந்து அல்ல. அவள் கையில் முட்டை இருந்தது. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து பக்கத்து ஊர் தாராபுரத்தில் குடியேறிய ஒரு வீட்டில் ஊர்க்கோழி முட்டை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலையிலேயே ஓட்டோ பிடித்துப் போய் எட்டு முட்டை வாங்கி, ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

நான் முட்டை சாப்பிடுவதில்லை. அது அவளுக்குத் தெரியாது. தெரியவரக் கூடாதென்று மூன்று நாளாக நானும் இவரும் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். இவர் என்றால் என் கணவர். ஒரு விஷயத்தை ஒரு நாளைக்கு மேல் வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாத மனிதர்.

அக்கா நாட்டை விட்டுப் போன காலையில் அம்மா இரண்டு முட்டை அவித்து, உப்பும் மிளகும் காகிதத்தில் மடித்து வைத்தா. போகிற அவசரத்தில் அக்கா அதை மேசையிலேயே விட்டுவிட்டாள். அம்மா அந்த முட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நேரே கோயிலுக்குப் போய் மாதாவிடம் நேர்ந்துகொண்டு வந்தா. மூத்தவள் திரும்பி வந்து என் கையால் ஒரு வாய் முட்டை தின்னும்வரைக்கும் நான் முட்டை தொடமாட்டேன் என்று. எங்கள் கரையில் மாதாவிடம் யாரும் வெறுங்கையோடு போய்க் கேட்பதில்லை. எதையாவது விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் கேட்போம்.

பிறகு நாங்கள் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனோம். முகாமில் முட்டை கிடைப்பதே அரிது. கிடைத்த நாளிலும் அம்மா தன் பங்கை என் தட்டில் தள்ளிவிடுவா. அங்கேயே செத்தும் போனா. அக்காவுக்கு அப்போது பிரான்சில் விசாவும் இல்லை, ஒன்றும் இல்லை. வரமுடியவில்லை. அதற்குப் பிறகு எப்போது போன் எடுத்தாலும் "நான் பாவியடி" என்றுதான் தொடங்குவாள், அழுதுதான் முடிப்பாள்.

அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்த நேர்த்தியை நான் எடுத்துக்கொண்டேன்; ஊட்டவேண்டிய கை இனி என்னுடையது. பாதியில் விட்டால் அம்மாவின் ஆத்துமாவுக்கு ஆகாது என்று இவரிடம் காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அம்மா விட்டுப்போனவற்றில் எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

சண்டை முடிந்து எங்கள் ஊரான கீரிக்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் பாதி பூசிய சுவரோடு ஒரு வீடும் கட்டியாயிற்று. அக்காவும் வந்துவிட்டாள். முதல் நாளே ஒரு முட்டையைப் பொரித்து ஊட்டிவிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஐம்பது வயதுப் பெண்ணின் வாயில் காரணம் சொல்லாமல் எப்படி ஊட்டுவது? காரணத்தைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள். இந்த வீட்டை நினைத்தாலே அழுகை வரும் என்று ஆகிவிட்டால் இனி வரவே மாட்டாள். அவள் மறுபடி வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"கீஷ்" என்றாள், செய்யப்போகிற பண்டத்தின் பெயரை. கோழி விரட்டுகிற மாதிரி இருந்தது. முறைப்படி என்றால் மாவைப் பிசைந்து கிண்ணம்போல் தட்டி, அதற்குள் முட்டையும் மரக்கறியும் ஊற்றி 'அவன்' என்கிற மின்னடுப்பில் வைக்க வேண்டுமாம். என்னிடம் அவன் இல்லை. பட்டரோ கடையிலிருந்து வீட்டுக்கு வருமுன்பே உருகிவிடுகிற வெயில். "மா இல்லாமலே செய்வம். அங்கயும் இப்ப கனபேர் அப்பிடித்தான்" என்றாள். லீக்ஸ், கரட், கறிமிளகாய், எங்கள் வேலியோரத்து முருங்கையிலை என்று எல்லாவற்றையும் பொடியாக அரிந்து வதக்கினாள். கிறீமுக்குப் பதிலாக நான் தேங்காய் துருவி முதற்பால் பிழிந்து கொடுத்தேன். சீஸ் மட்டும் அவளுடைய சூட்கேஸிலிருந்து வந்தது. முட்டைகளை அவள் அடிக்கும்போது நான் விறகு பார்க்கிற சாட்டில் வெளியே போய்விட்டேன்.

வேகவைப்பது என் பொறுப்பு. சட்டியில் மாஜரின் பூசி, கலவையை ஊற்றி மூடி, அடியில் தணலை மட்டாக வைத்து, மூடிக்கு மேல் சிரட்டைக் கரி பரப்பினேன். முகாமில் நத்தார்ப் பெருநாளுக்குக் கேக் போட்டது இப்படித்தான். "அவன் என்னத்துக்கு, நீயே காணும்" என்று அக்கா சிரித்தாள். மூடியைத் திறந்தபோது மேலே பொன்னிறமாக உப்பிக்கொண்டு நின்றது. நடுவில் தொட்டால் மெல்ல ஆடியது. உண்மையைச் சொன்னால் வாசனைக்கு எனக்கு எச்சில் ஊறியது.

வெட்டி முதல் துண்டை என் தட்டில்தான் வைத்தாள்.

"எனக்கு வயித்துக்குள்ள சரியில்லை அக்கா. பிறகு சாப்பிடுறன்."

"ஒரு துண்டு தின்டால் ஒண்டும் செய்யாது."

"வேண்டாம்."

அவள் முகம் மாறியது. "மூண்டு நாளாப் பாக்கிறன். நீ என்னோட பட்டும் படாமலும்தான் இருக்கிறாய். செத்தவீட்டுக்கு வராதவளின்ர கையால தின்னக் கூடாதெண்டு நினைக்கிறியோ?"

வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று எனக்குப் பயம். கதிரையில் இருந்த இவர்தான் கொட்டினார்.

"மச்சாள், அவ முட்டையே சாப்பிடுறேல்லை. மாமி உங்களுக்காக நேர்ந்தவ. நீங்கள் வந்து அவவின்ர கையால தின்னுமட்டும் முட்டை தொடமாட்டனெண்டு. மாமிக்குப் பிறகு இவ பிடிச்சுக்கொண்டிருக்கிறா."

இவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. அக்கா அழப்போகிறாள், நாளைக்கே பெட்டியைக் கட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் அழவில்லை. கையிலிருந்த முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். பாயில் எனக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்தாள்.

"கையைக் கழுவிக்கொண்டு வா" என்றாள்.

கழுவிக்கொண்டு வந்தேன். அந்தத் துண்டில் கொஞ்சம் பிய்த்தேன். சோறு ஊட்டுவதற்குத்தான் பழகிய கை. இது இன்னும் சூடாக, குழைந்து, விரலோடு ஒட்டியது. அம்மா செய்கிற மாதிரி ஊதி ஆற்றினேன். "வாயைத் திறவுங்கோ" என்றேன். நரைத்த தலையோடு அவள் சின்னப்பிள்ளைபோல வாயைத் திறந்தாள். மென்று விழுங்கினாள். பிறகு அவள் ஒரு துண்டைப் பிய்த்து என் வாய்க்குள் வைத்தாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு நான் தின்ற முதல் முட்டை. உப்புக் கொஞ்சம் குறைவு. நான் சொல்லவில்லை.

சரி, முடிந்தது என்று கையை உதறிக்கொண்டு எழும்பப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வெளிக்கிட்ட அண்டைக்கு பஸ் மதவாச்சிக்குக் கிட்டப் போகேக்கதான் மேசையில விட்டிட்டு வந்தது எனக்கு நினைவு வந்தது. பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லவோ எண்டுகூட யோசிச்சனான்" என்றாள். "ரெண்டு முட்டையெல்லோ அவிச்சவ. இன்னொரு வாய் தா."