ஜெயித்ததும் வீட்டுக்குப் பேசுவாள் தனக்கோடி

செய்தி வந்தபோது சேலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு வினாத்தாள் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "மேடம், தனக்கோடி அக்கா விடியக்காலையில போயிட்டாங்க" என்றாள் போனில், ரயில்வே அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த பெண். நோய் முற்றிவிட்டது தெரியும். போன மாதம்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கடைக்காரர் இன்னும் எத்தனை பிரதி என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாள்களை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அவளோடு டென்னிஸ் ஆடியவர்களுக்கும் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் பார்த்த தனக்கோடி, கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து கிளம்பி உலகத் தரவரிசை வரைக்கும் போனவள். பரிசு வாங்கும்போதுகூடச் சிரிக்காதவள். திமிர் பிடித்தவள் என்று உங்களில் சிலர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அது திமிர் இல்லை.

அடிவாரத்தில் இருந்த ஒரு சர்க்கரை ஆலையில் என் அப்பா இன்ஜினியர். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். அதிகாரிகள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு செம்மண் டென்னிஸ் கோர்ட் இருந்தது. அதற்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுப்பது தனக்கோடியின் அம்மாவுடைய வேலை. கணவர் இல்லை. மகன் ஏழுமலையும் மகள் தனக்கோடியும் உருளையின் மறுபக்கம் பிடிப்பார்கள். எனக்குப் பதினான்கு வயது. அப்பா எனக்கு ஆட்டம் சொல்லித் தந்திருந்தார், ஆனால் எதிரே நின்று ஆட என் வயதில் யாருமில்லை. ஒருநாள் என் பழைய மட்டையைத் தனக்கோடியிடம் கொடுத்தேன். கரும்பு வெட்டும் கத்தியைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்தாள். இடுப்பை வளைத்துத் தாழ்வாக, குறுக்கே ஒரு வீச்சு. பந்து வலையை உரசிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. பிறகு எத்தனையோ பயிற்சியாளர்கள் அந்த வீச்சை மாற்றப் பார்த்தார்கள். அவள் மாற்றவில்லை.

மூன்றாவது மாதமே என்னை ஜெயித்துவிட்டாள். ஜெயித்துவிட்டு, "பாப்பா, கோவமாங்க?" என்று கேட்டாள். கோர்ட்டுக்குள் 'ங்க' போடாதே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, கோட்டுக்கு உள்ள நீ. வெளிய வந்தா நீங்க" என்றாள். வெகுநாள் அப்படித்தான் நடந்தது. டபுள்ஸில் நாங்கள் ஜோடி சேர்ந்தபின், "ஜெயந்தி, வுடு, எம்பந்து!" என்று கத்துவாள். ஆட்டம் முடிந்து கோட்டைத் தாண்டியதும், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்பாள்.

எங்களுக்குப் பத்தொன்பது வயதானபோது மாநிலப் பெண்கள் போட்டிக்கு மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. அங்கே நன்றாக ஆடினால் ரயில்வேயில் வேலை கிடைக்கலாம் என்று பேச்சு. அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ஆலைக்குக் கரும்பு வரவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு ஆலையில் சீசன் கூலியாக இருந்த ஏழுமலை, மரம் வெட்டியவர்களில் ஒருவன். அவர்கள் சாதிதான் தெருவில் இறங்கியிருந்தது.

சின்னசேலத்தில் ரயில் பிடித்தால் விருத்தாசலம் போய் மெட்ராஸ் வண்டிக்கு மாறலாம். ஆலை ஜீப் முதல் மரம் வரைதான் வந்தது. அதற்கப்பால் அப்பா, நான், தனக்கோடி மூவரும் இறங்கி நடந்தோம். எதிரே ஏழுமலை வந்தான். கையில் கோடாலி. அதை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு எங்கள் பைகளை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கூட்டம் வழிமறித்தது. ஓரிடத்தில் அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

"யார்றா இவுங்க? ஆபீசருங்கள இட்டுகினு எங்க போற?"

"சட்டைய வுடு மாமா. எந்தங்கச்சி மெட்ராஸுக்குப் பந்து ஆடப் போவுது. வேல குடுப்பாங்களாம்."

"வேலையா? பந்து ஆடுனாவா?"

"ஆமா. நாம ரோட்டுல குந்திகினு கேக்கறத அது ஓடிப் புடிக்கப் போவுது. வழி வுடு."

சிரித்தார்கள். வழியும் விட்டார்கள். ஒரு பெரியவர், சாய்ந்துகிடந்த மரத்தின்மேல் ஏற என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். சின்னசேலம் ஸ்டேஷனில் பைகளை இறக்கிவைத்த ஏழுமலை தங்கையிடம் சொன்னது ஒன்றுதான்: "பயந்துகினு ஆடாத. தோத்தாலும் வூடு அங்கதான் இருக்கும்." ரயில் நகரும்போது அவன் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தான்.

மெட்ராஸில் டபுள்ஸில் நாங்கள் முதல் நாளே தோற்றோம், அதற்கு நான்தான் காரணம். ஒற்றையரில் தனக்கோடி ஒவ்வொருவராக வீழ்த்திக்கொண்டு போனாள். நகரத்துக் கிளப்புகளில் ஆடி வளர்ந்த பெண்களுக்கு அவளுடைய தாழ்ந்த வீச்சை எடுக்கத் தெரியவில்லை. வியாழக்கிழமை கால் இறுதியில் ஜெயித்ததும் மெரினாவுக்குப் போனோம். அவள் கடலைப் பார்த்தது அதுதான் முதல் முறை. அலை வந்து பாவாடையை நனைத்ததும் அவள் சிரித்த சிரிப்பில் சுண்டல் விற்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையிலிருந்து அப்பா சரியாகப் பேசவில்லை. அரை இறுதியிலும் இறுதியிலும் கைதட்டாமல் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தேன். தனக்கோடி மாநில சாம்பியன் ஆனாள். ரயில்வே அதிகாரி ஒருவர் வந்து பெயரும் முகவரியும் கேட்டுப் போனார்.

திரும்பும் வழியில், விருத்தாசலம் ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்தபோது அப்பா சொன்னார். மறியலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏழுமலையின் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. அடக்கமும் முடிந்துவிட்டது.

தனக்கோடி அழவில்லை. "எப்போ சார்?" என்றாள்.

"வியாழக்கிழமை மத்தியானம்."

அவள் தண்டவாளத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "வியாழக்கிழமை நான் சிரிச்சனே சார்."

அவளிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது அவளுடைய அம்மா. ஆலை மேலாளர் வீட்டுக்குப் போய், வாழ்நாளில் முதல்முறையாகத் தொலைபேசியைக் கையில் பிடித்து, அப்பாவிடம் பேசியிருக்கிறார். "சார், ஒண்ணு போயிட்டுது. அது வந்து மட்டும் இன்னா பண்ணப் போவுது? ஆடி முடிக்கட்டும். நான் சொன்னேன்னு சொல்லிக்குங்க, பழி எங்கிட்டயே இருக்கட்டும்." அப்பா இதையும் பிளாட்பாரத்திலேயே சொல்லிவிட்டார். 

அவர்கள் வீட்டுக்குப் போனதும் அவளுடைய அம்மா வாசலில் நின்றிருந்தார். தனக்கோடி அவரைத் தாண்டி உள்ளே போனாள். அன்றிலிருந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை இல்லை. சோறு போட்டால் தின்பாள். உருளையின் மறுபக்கத்தைப் பிடித்து இழுப்பாள். பேச மாட்டாள். மழைக்காலம் போய், அடுத்த கரும்பு வெட்டு சீசன் தொடங்கி, ரயில்வேயிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்தது. போகமாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். அம்மா பையில் துணி அடுக்கிக்கொண்டே சொன்னார்: "இங்க பேசாம கெடக்கறத அங்க போயி பேசாம கெட. சம்பளமாவது வரும்."

போனாள். அலுவலகத்தில் முதல் வருடமே ஒருவர், அவள் காதில் விழும்படி, "கோட்டாவுல வந்ததுங்க" என்றார். விளையாட்டு ஒதுக்கீட்டைச் சொன்னாரா, மற்றதைச் சொன்னாரா தெரியாது. தனக்கோடி எழுந்து அவர் மேஜைக்குப் போனாள். "ஆமாங்க. கோட்டாதான். அத கேட்டுத்தான் எங்க அண்ணன் செத்தான். உங்க வூட்ல யாருனா எதுக்குனா செத்தாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த அறையில் யாரும் பிறகு அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள்.

தேசியப் போட்டியில் ஜெயித்தபோது ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். துப்பாக்கிச் சூட்டில் இறந்தவனின் தங்கை என்பது அவருக்குப் பெரிய செய்தியாகத் தெரிந்தது. தனக்கோடி எல்லாம் சொன்னாள். கடைசியில், "அந்த வாரம் எங்க ஆளுங்க சேரியில குடிசைங்கள கொளுத்துனாங்க. எங்கூடப் படிச்ச பொண்ணு வூடும் எரிஞ்சுது. அண்ணன் செத்தத எழுதுனா அதயும் எழுதுங்க. இல்லன்னா ரெண்டையும் எழுதாதீங்க" என்றாள். அண்ணனை மட்டும் எழுதினார்கள். அதற்காக ஊரில் அவளைப் பாராட்டினார்கள். அவள் அந்தப் பாராட்டு விழாவுக்குப் போகவில்லை. அதற்குப்பின் எந்தப் பத்திரிகைக்கும் பேட்டி கொடுக்கவில்லை.

நான் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆசிரியை ஆனேன். அவள் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு, தொழில்முறை ஆட்டக்காரியாக வெளிநாடு போனாள். கொழும்பு, பாங்காக், ஜகார்த்தா என்று சிறிய போட்டிகளில் ஆடிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகள் சேர்த்தாள். தங்க இடமில்லாமல் விமான நிலையத்தில் தூங்கியிருக்கிறாள். தோள்பட்டையில் ஊசி போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறாள். தரவரிசையில் அவள் பெயர் ஏறியது. நாட்டு அணிக்கும் அழைத்தார்கள். பாங்காக்கில் முதல் பட்டம் ஜெயித்தபோது என் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"ஜெயந்தி, ஜெயிச்சிட்டேன். அங்க எல்லாரும் இருக்காங்களா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. "யாரு?"

"யாருனா செத்தாங்களா? மறைக்காம சொல்லு."

ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அந்த அழைப்பு வரும். அவள் ஆடும் வாரங்களில் நான் முன்பே அவள் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொல்வேன். "செரி" என்பாள். அதன்பிறகுதான் எத்தனை செட், யார் எதிரில் என்று பேசுவாள். தோற்றால் அழைக்க மாட்டாள். தோற்ற நாட்களில் நிம்மதியாகத் தூங்கினேன் என்று ஒருமுறை சொன்னாள். பரிசு மேடையில் நீங்கள் பார்த்த அந்த இறுகிய முகம், அழைப்பு இன்னும் போகாத முகம்.

அவள் உச்சத்துக்கு வந்தது முப்பதை நெருங்கும்போது. பெரிய போட்டி ஒன்றின் தகுதிச் சுற்றில் ஆட இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்திலிருந்து எந்தப் பெண்ணும் அதுவரை எட்டாத இடம். அதே வாரம் அவளுடைய அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அவரே என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாப்பா, இந்த வாட்டி சொல்லிடு."

சொன்னேன். முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள். மறுமுனையில் தனக்கோடி வேறு எதுவும் கேட்கவில்லை. "வரேன்" என்றாள். போட்டியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினாள். வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள், பேசினார்களா என்பதே எனக்குத் தெரியாது. கதவு திறந்தபோது அவள் அம்மாவின் தலையை மடியில் வைத்து, சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அம்மா இறந்தார்.

அதற்குப்பின் தோள்வலி அவளை விடவில்லை. அப்படி ஓர் இடம் மறுபடி கிடைக்கவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டங்களைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவாள். புற்றுநோய் என்று தெரிந்தபோதும் எனக்கு மிகத் தாமதமாகத்தான் சொன்னாள்.

போன மாதம் மருத்துவமனையில் அவள் உடம்பு மிகச் சுருங்கியிருந்தது. வலது கை மட்டும் இன்னும் ஆட்டக்காரியின் கையாக இருந்தது. இவ்வளவு வருடம் கேட்காததை அன்று கேட்டேன். மெட்ராஸில் அப்பா அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ ஆடியிருப்பாயா?

உடனே பதில் சொன்னாள். ஏற்கெனவே பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்த பதில்போல இருந்தது.

"ஆடியிருப்பேன். அண்ணன் செத்துக் கெடக்கறான்னு தெரிஞ்சே ஆடியிருப்பேன், ஜெயிச்சும் இருப்பேன். எங்கம்மாவுக்கு அது தெரியும். அதான் எனக்குச் சொல்ல வுடல. சொல்லாத பாவம் அவளுக்குன்னு ஆச்சு, தெரிஞ்சே ஆடுன பாவம் எனக்கு வராம போச்சு. இது புரியறதுக்குள்ள பத்து வருசம் அவகூடப் பேசாம இருந்துட்டேன்."

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய கோப்பைகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது அந்தப் பதில் மட்டும்தான். தனியாக வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு அது கனக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதினேன்.