வால்வு சொக்கட் கேட்க வெட்கப்பட்டவன்

முப்பது வருடத்துக்கு மேல் பைப் வேலை செய்தவன் நான். முதல் வேலையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. இளம் பொடியன்கள் கேட்டதால் எழுதுகிறேன், சிரித்துவிட்டுப் போங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சவூதியிலிருந்து கல்முனைக்குத் திரும்பினேன். அங்கே இருந்த இரண்டு வருடமும் பைப் புதைக்கக் கிடங்கு வெட்டினேன். ஊரில் "பைப் லைன் வேலை" என்றேன். பொய் இல்லை, மிச்சத்தை ஊர் தானாகவே நம்பிக்கொண்டது. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் தன் மகளை எனக்குப் பேசினார்.

பள்ளியில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒழு எடுக்கும் இடத்தில் புதிதாக எட்டுக் குழாய் வைக்க வேண்டியிருந்தது. மேலே தண்ணீர்த் தாங்கியிலிருந்து வருவது பழைய ஜீஐ இரும்புப் பைப். புதிதாக வாங்கியது பீவீசி.

"சவூதியில வேல செஞ்ச ஆள் நீ. ரெண்டையும் பொருத்திரு மனே" என்றார் மரைக்கார்.

"ஓம் மாமா, சின்ன வேலதானே."

ஹார்ட்வெயார் கடைக்காரர் கேட்டார்: "இரும்பையும் பீவீசியையும் பொருத்த வால்வு சொக்கட் வேணுமே?"

அது உருண்டையா, சதுரமா என்றுகூட எனக்குத் தெரியாது. "அதெல்லாம் பழைய முறை காக்கா. சவூதியில நாங்க சூடு காட்டித்தான் ஏத்துற" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தேங்காய்ப் பொச்சுமட்டை நெருப்பில் பீவீசியின் வாயை இளக்கி, இரும்பின் மேல் தள்ளினேன். ஆறியதும் இறுகப் பிடித்தது. வியாழன் பின்னேரம் எட்டுக் குழாயையும் திறந்து காட்டினேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. வெயிலில் பைப் நன்றாகச் சூடேறி, பொருத்தும் இளகியிருந்தது. குத்பாப் பிரசங்கம் தொடங்குகிறது என்றதும் எல்லோரும் ஒரேயடியாகக் குழாய்களைப் பூட்டிவிட்டு உள்ளே போனார்கள். கடைசியாக நின்றவன் நான். எட்டு வழியாகப் போன தண்ணீரின் அமுக்கம் முழுக்க இப்போது என் பொருத்தில். பீவீசி கழன்று விழுந்தது. தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வைப் பூட்ட ஓடினேன். பூட்டுவதற்கு நான் கேட் வால்வு வைத்திருக்க வேண்டுமே!

தண்ணீர் வெளி விறாந்தைப் பாய்களை நோக்கி ஓடியது. பைப்பைத் திரும்பச் சொருகி, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். குத்பா நேரம் கதைக்கக் கூடாது. நான் உதவிக்குக் கூப்பிட முடியாது. கடைசி வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தவர்களும் வாய் திறக்க முடியாது. அவர்களில் மரைக்காரும் ஒருவர். கலியாணம் இத்தோடு சரி என்று நினைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட குத்பாவைக் கேட்டதில்லை.

பைப்பை விட முடியாமல் ஜும்ஆ தவறி, வழக்கமான நண்பகல் தொழுகையான ளுஹர்தான் எனக்கு மிச்சம். தொழுகை முடிந்ததும் மரைக்கார் நேரே என்னிடம் வந்தார்.

"இப்ப கதைக்கலாம். சவூதியில என்ன வேல செஞ்ச? உண்மையச் செல்லு."

"கிடங்கு வெட்டின, மாமா."

இடுப்பில் ஈரச் சாரத்தோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடைசில ஒரு உண்மை வந்திச்சி. விடாமப் பிடிச்சிக்கிட்டு நிண்டதுக்காக மன்னிக்கன்."

திருக்கோவிலிலிருந்து பைப் வேலையில் கைதேர்ந்த ஒரு பாஸ் வந்தார். இரும்பில் மரை வெட்டி, சொக்கட் பூட்டி, அதில் சணல் சுற்றிய வால்வு சொக்கட்டைத் திருகி, மறுபக்கம் பீவீசியை ஒட்டினார். மறக்காமல் கேட் வால்வும் வைத்தார். "எனக்குத் தெரியாது, சொல்லித் தாங்க" என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இந்தத் தொழிலில் நான் படித்த முதல் பாடம் அந்த வாக்கியம்தான்.

கலியாணமும் நடந்தது. பெண்ணுக்குக் கட்டிய வீட்டில் பைப் வேலை முழுவதையும் மாமா அந்தப் பாஸிடமே கொடுத்தார். கக்கூசுக் கிடங்கை மட்டும் மாப்பிள்ளைக்கு ஒதுக்கினார். அதில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.