செத்தவர்கள் போட்ட ஆட்சேபணை

எங்கள் ஊரைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போவதாக ஊராட்சி அலுவலகச் சுவரில் அறிவிப்பு ஒட்டிய வாரமே, ஆட்சேபணை மனுவை நான்தான் எழுத வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இருபது வருடமாகப் பத்திரம் எழுதும் கடையில் உட்கார்ந்திருக்கிறவள் நான். சட்டம் தெரியாது, ஆனால் சட்டம் தெரிந்தவர்கள் எழுதுகிற மாதிரி எழுதத் தெரியும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஊருக்கு நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்று பயம். எங்கள் வீட்டுப் பயம் வேறு. அப்பாவை எங்கள் காட்டிலேயே, மாமரத்துக்குப் பக்கத்தில் புதைத்திருந்தோம். எங்கள் பக்கம் அப்படித்தான். ராகி விதைக்கிற காட்டில் ஒரு மூலையை வீட்டு ஆட்களுக்கென்று விட்டுவிடுவார்கள். ஊராட்சியாக இருந்தவரை யாரும் வந்து கேட்டதில்லை. நகராட்சியாகிவிட்டால் சொந்த நிலத்தில் புதைக்க விடமாட்டார்கள், டவுன் எரிமேடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

"என்னைய நெருப்புல போட்டுறாத கண்ணு. அவரு பக்கத்துல ஒரு குழியத் தோண்டி வுட்டுரு, போதும்" என்பாள். விரிவாக்கம், எல்லை, அரசாணை என்று நான் என்ன விளக்கினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள்.

மனு நன்றாகத்தான் வந்தது. கடைசிப் பக்கத்தில் 'நில உரிமையாளர்கள் கையொப்பம்' என்று தலைப்புப் போட்டு, பட்டாவில் இருந்த பெயர்களை வரிசையாக எழுதினேன். எங்கள் ஊரில் அப்பன் செத்ததும் யாரும் பட்டாவை மாற்ற ஓடமாட்டார்கள். மாற்றப் போனால் பாகம் பிரிக்க வேண்டும், பிரித்தால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகும். செத்தவர் பெயரிலேயே கிடந்தால் வம்பில்லை. வரி ரசீது அவர் பெயரில் வரும், கிணற்று மோட்டார் இணைப்பு அவர் பெயரில் ஓடும். அதனால் காகிதம் வீடு வீடாகப் போனபோது மகன்கள் அப்பன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு வைத்தே காலம் தள்ளிய ஒருவருக்காக, கல்லூரி முடித்த அவர் மகன் தன் கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தான். ஒருத்தருக்கும் தப்பாகப் படவில்லை. நாள் முழுக்கப் பத்திரம் புரட்டுகிற எனக்கும் படவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்பா கையெழுத்தை நானே போட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"அவரு போட்டாப்பலயே இருக்குது" என்று காகிதத்தை விரலால் தடவினாள். அன்றிலிருந்து அது அவளுக்கு அப்பா போட்ட கேஸ். "ஒங்கப்பன் கேசு என்னாச்சு?" என்று நான் வேலை முடிந்து வருகிறபோதெல்லாம் கேட்பாள். ஒரு நாள் அவளே மாமரத்துப் பக்கம் போய், யாரிடமோ கேஸைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். 

ஆட்சேபணையை ஏற்காமல் அரசாணை வந்தது. எங்கள் பேச்சை யாருமே கேட்கவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். விசாரணை நாளில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் பட்டியலை ஒரு கையிலும் எங்கள் ஊராட்சியின் இறப்புப் பதிவேட்டு நகலை மறு கையிலும் வைத்துக்கொண்டு பெயர்களைப் படித்தார். ஒரு பெயர், ஒரு இறந்த தேதி. இன்னொரு பெயர், இன்னொரு தேதி. எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள், என் பெரியப்பா முறை, மாமன் முறை. பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது போல அவர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராக எழுந்து நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. அப்பா பெயரைப் படித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லையா என்று மட்டும் கேட்டார். எங்கள் வக்கீல் பட்டியலைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். வழக்கு அன்றைக்கே தள்ளுபடியானது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாய்தா போட்டுவிட்டார்கள் என்றேன். அடுத்த மாதமும் வாய்தா. அதற்கு அடுத்த மாதமும். பொய்க்கையெழுத்துக்குப் போலீஸ் வருமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன், யாரும் வரவில்லை. ஆனால் எந்தக் காட்டைத் தாண்டி நடந்தாலும் அந்தக் காட்டுக்காரர் பெயரும் இறந்த தேதியும் அந்த வக்கீலின் குரலில் காதில் விழுந்தன. இன்னும் விழுகின்றன.

அம்மா படுத்த படுக்கையான பிறகு ஒரு மத்தியானம், "முடிஞ்சுதா கண்ணு?" என்று கேட்டாள்.

"ஜெயிச்சுட்டோம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "எனக்குத் தெரியும். அவரு வுடமாட்டாரு" என்றாள். மூன்றாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள்.

சேதி தெரிந்து நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு, ஓரமாக நின்றார்.

"காட்டுல பொதைக்க ரூல்ஸ் இல்லீங்க. நெலத்துக்காரரு சம்மதம்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, மேல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேங்க. பட்டா யாரு பேர்ல இருக்குதுங்க?"

அன்றைக்கு மனுவில் கையெழுத்துப் போட்ட மகன்கள் எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர், அப்பா பெயரிலேயே போட்டுவிடு என்பது போல, பேனாவைக்கூட எடுத்து நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. நீதிமன்றத்தில் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

"வண்டி வரச் சொல்லுங்க" என்றேன்.

எரிமேடையில் கடைசியாக முகத்துணியை விலக்கினார்கள். ஜெயித்துவிட்ட முகமாகவே இருந்தது. அவளை உள்ளே தள்ளச் சொல்லி நான்தான் தலையாட்டினேன்.